பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு சிறிய கிராமத்தின் நிர்வாகத்தை நடத்துவது எப்படி?

ஒரு சிறிய கிராமத்தின் நிர்வாகம் என்றால் நாலைந்து பேர்தான். தலைவர், செயலர், தண்ணீர் திறந்துவிடுபவர், குப்பை அள்ளும் இரண்டு பேர். உறுப்பினர்கள் இருப்பார்கள், ஆனால் அவர்களுக்குச் சொந்த வேலை உண்டு. நகராட்சியில் ஒரு எழுத்தர் காய்ச்சலில் படுத்தால் பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொள்வார். இங்கே ஒருவர் படுத்தால் ஒரு துறையே படுத்துவிடும்.

பெருந்தொற்றில் கிராம நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் முகக்கவசம், கிருமிநாசினி, ஊரடங்கு என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் செயலராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு. இந்த ஐந்து பேரில் யார் படுத்தாலும் நாளை காலை குழாயில் தண்ணீர் வருமா? இதற்குப் பதில் வைத்திருக்கும் ஊர் மற்றதை எப்படியாவது சமாளித்துவிடும்.

முதல் படி: ஆள் படுத்தாலும் வேலை படுக்கக் கூடாது

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் திறந்துவிடுபவருக்குக் காய்ச்சல் வந்து வீட்டிலேயே தனிமையில் இருந்தார். சாவி என்னிடம் வந்தது. மோட்டாரைப் போட்டேன், தொட்டி நிறைந்தது, வால்வைத் திறந்தேன். ஊரின் மேட்டுப் பக்கத்துக்குத் தண்ணீரே போகவில்லை. போனில் கேட்டால், இருமலுக்கு நடுவே அவர் சொல்கிறார்: பள்ளத்து வால்வை முக்கால்வாசி மூடிய பிறகுதான் மேட்டு வால்வைத் திறக்க வேண்டுமாம். இருபது வருடமாக அது அவர் கைக்கு மட்டும் தெரிந்த விஷயம். எங்கள் பதிவேடுகள் எதிலும் அந்த ஒரு வரி இல்லை.

அதனால் தொற்று ஊருக்குள் வருமுன்பே ஒவ்வொருவர் வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். எழுத வராதவரிடம் நீங்கள் கேட்டு எழுதுங்கள், அல்லது அவர் செய்வதை செல்போனில் வீடியோ எடுங்கள். எந்த வால்வு, எத்தனை சுற்று, எந்த நேரம், மோட்டார் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, குப்பை வண்டியின் சாவி எங்கே, வங்கிக் காசோலையில் யார் யார் கையெழுத்து, கணினியின் கடவுச்சொல் யாரிடம். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் ஒருவரை நியமித்து, அவரை ஒரு முறையாவது தனியாகச் செய்ய வையுங்கள். கூட நின்று பார்த்தால் தெரிந்தது போலத்தான் இருக்கும். தனியாகச் செய்யும்போதுதான் தெரியாதது தெரியும்.

அப்புறம் ஒரு விதி: தலைவரும் துணைத் தலைவரும் ஒரே அறையில், ஒரே வண்டியில் இருக்கக் கூடாது. தண்ணீர்க்காரரும் அவருடைய மாற்று ஆளும் அப்படித்தான். கோவிட் தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு சுமார் இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரப்ப முடிந்தது. காய்ச்சல் தெரிந்த பிறகு விலகி உட்காருவதில் பிரயோஜனம் குறைவு.

இரண்டாம் படி: அதிகாரத்தை எழுத்தில் கொண்டுவருதல்

நெருக்கடியில் தலைவர் வாய்மொழியாகச் சொல்வது எல்லாம் நடந்துவிடும். ஆபத்தும் அதில்தான். உங்கள் நாட்டுச் சட்டப்படி உள்ளாட்சிக்கு எது முடியும், மேலிருக்கும் நிர்வாகத்துக்கு எது முடியும் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தையை மூடுவது, கூட்டத்தைத் தடுப்பது, சாலையை மறிப்பது போன்றவை பெரும்பாலும் கிராமத்தின் கையில் இருக்காது. இல்லாத அதிகாரத்தைக் காட்டினால் பின்னால் வழக்குதான் வரும்.

உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதற்குத் தீர்மானம் போடுங்கள். அதில் மூன்று விஷயம் கட்டாயம். தலைவர் தனியாக முடிவெடுக்கக்கூடிய செலவின் உச்சவரம்பு, அந்த முடிவைக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டிய கெடு, இந்த ஏற்பாடு தானாகவே காலாவதியாகும் தேதி. கடைசி தேதி இல்லாத அவசர அதிகாரத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். முப்பது நாள் போடுங்கள், வேண்டுமானால் நீட்டிக்கலாம்.

கூட்டத்தைத் திறந்த வெளியில் இடைவெளி விட்டு நடத்தலாம். சட்டம் அனுமதித்தால் போன் வழியாகவும் நடத்தலாம். போனில் நடத்தும்போது ஒவ்வொரு உறுப்பினரும் பெயர் சொல்லி வாக்களிக்கட்டும். 'எல்லோரும் சரிதானே' என்று கேட்டு முடித்துவிடாதீர்கள். சிக்னல் கிடைக்காத உறுப்பினரின் மௌனம் சம்மதமாகிவிடும்.

மூன்றாம் படி: வீட்டுக் கணக்கு

எனக்கு ஒரே ஒரு கருவிதான் தருவார்கள் என்றால் இந்தப் பதிவேட்டைத்தான் கேட்பேன். நகரத்தால் செய்ய முடியாத ஒன்றைக் கிராமத்தால் செய்ய முடியும்: ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்க.

ஒரு வீட்டுக்கு ஒரு வரி. எத்தனை பேர், அறுபதைக் கடந்தவர் யார், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, டயாலிசிஸ் உள்ளவர் யார், கர்ப்பிணி உண்டா, தனியாக இருக்கும் முதியவர் உண்டா, தினமும் மாத்திரை வேண்டியவர் யார், எத்தனை நாள் கையிருப்பு. தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருக்கிறதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டிடம் 'தனிமையில் இருங்கள்' என்று சொல்வது வெறும் பேச்சு. அப்படிப்பட்ட வீடுகளை எண்ணிப் பார்த்தால்தான் பள்ளிக்கூடத்தையோ சமூகக் கூடத்தையோ தனிமை மையமாக்க வேண்டுமா, எத்தனை படுக்கை போட வேண்டும் என்பது புரியும்.

இதைத் தலைவர் வீடு வீடாகப் போய் எடுக்க வேண்டியதில்லை. பத்து அல்லது பதினைந்து வீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் போடுங்கள். அந்தத் தெருவிலேயே இருப்பவர், எல்லோரோடும் பேசுகிறவர், கூடவே வாயை அடக்கத் தெரிந்தவர். மூன்றாவது தகுதி உள்ளவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம், அவசரப்படாமல் தேடுங்கள். அவர் வாசலில் நின்றபடியே நாளுக்கு ஒரு முறை கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான்: யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஏதாவது தேவையா?

அறிகுறியை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இத்தாலியின் வோ என்ற சிற்றூர் நல்ல உதாரணம். சுமார் 3,300 பேர் வாழும் ஊர். 2020 பிப்ரவரி 21 அன்று இத்தாலியின் முதல் கோவிட் மரணம் அந்த ஊர்க்காரருடையது. உடனே ஊரை மூடி, மூடும்போது ஒரு முறையும் இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும் பெரும்பாலான மக்களைப் பரிசோதித்தார்கள். முதல் சோதனையில் 2.6 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது, இரண்டாவதில் அது 1.2 ஆகக் குறைந்தது. தொற்று இருந்தவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அறிகுறியே இல்லை. பரிசோதனைக் கருவி எல்லா ஊருக்கும் கிடைக்காது. அப்படியென்றால் ஒரு வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் அந்த வீடு முழுவதையும் தொற்றுள்ள வீடாகக் கருதி நடப்பதுதான் வழி.

நான்காம் படி: ஊர் எல்லையை மூடலாமா?

தொற்று என்றதும் இளைஞர்கள் மரத்தை வெட்டிச் சாலையில் போடுவார்கள். ஆர்வம் புரிகிறது, ஆனால் ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் வர வேண்டும்.

எல்லையை மூடுவது பலன் தருமா என்றால், தரும். காலத்தே செய்ய வேண்டும், பொருள் உள்ளே வர வழி இருக்க வேண்டும். உலகமெங்கும் ஃப்ளூ பரவிய 1918இல், நவம்பர் 7 அன்று, தலூன் என்ற கப்பல் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து பசிபிக் தீவுகளான மேற்கு சமோவாவின் ஆபியா துறைமுகத்துக்கு வந்தது. நோயாளிகள் இருந்தும் பயணிகளை இறங்க விட்டார்கள். மேற்கு சமோவா மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் அந்த ஃப்ளூவில் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கண்டிப்பான தனிமைப்படுத்தலைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு மரணம்கூட இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் கன்னிசன் என்ற சிற்றூரும் சாலைகளில் தடுப்பு போட்டு, ரயிலில் வந்து இறங்கியவர்களைத் தனிமையில் வைத்து, அந்தக் கடுமையான அலையிலிருந்து பெரிதும் தப்பியது.

இதற்கு நேர் எதிரான கதை இங்கிலாந்தில் ஈயம் (Eyam) என்ற கிராமத்தினுடையது. 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு அங்கே பிளேக் வந்தது. அடுத்த கோடையில் ஊர்க்காரர்கள் தாங்களாகவே எல்லை வகுத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்தார்கள், நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாது என்று. எல்லையில் ஒரு கல், அதில் குழிகள், குழிகளில் வினிகர், வினிகருக்குள் காசு. வெளியூர்க்காரர்கள் பொருளை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சுமார் 260 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள்.

நிர்வாகம் நடத்துபவர் அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அப்போதைய பாதிரியார் வில்லியம் மோம்பெசன் ஊருக்குப் புதியவர், மக்களுக்கு அவர் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அவருக்கு முன்பிருந்த தாமஸ் ஸ்டான்லி பதவியிலிருந்து விலக்கப்பட்டவர், ஆனால் மக்கள் செல்வாக்கு அவரிடம்தான் இருந்தது. இருவரும் எதிரெதிர் அணி. இருவரும் சேர்ந்து நின்று சொன்னதால்தான் ஊர் கேட்டது. உங்கள் ஊரிலும் போன தேர்தலில் தோற்றவர் ஒருவர் இருப்பார். முதல் அறிவிப்பு வெளியே போகுமுன் அவர் வீட்டு வாசலுக்குப் போய்வாருங்கள். கௌரவத்தைக் கொஞ்ச நாள் மடித்து வைத்தால் போதும்.

முழுத் தடைக்குப் பதிலாக பெரும்பாலான ஊர்களுக்கு ஒத்துவருவது இதுதான்: நுழைவிடம் ஒன்று, அங்கே ஒரு பதிவேடு, வெளியூரிலிருந்து திரும்புகிறவருக்குத் தனிமை நாட்கள், சரக்கு வண்டியை எல்லையிலேயே இறக்கி மாற்றும் இடம். கோவிட்டில் 14 நாள் என்று வைத்ததற்குக் காரணம், தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்தாறு நாளும் அதிகபட்சம் சுமார் 14 நாளும் ஆனதுதான். அடுத்த நோய்க்கு இந்தக் கணக்கு மாறும், சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். திரும்பி வருகிறவரும் உங்கள் ஊர்க்காரர்தான். அவரைத் திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கும் இல்லை.

ஐந்தாம் படி: தண்ணீர், குப்பை, ப்ளீச்சிங் பவுடர்

தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டிலேயே இருப்பதால் தண்ணீர்ச் செலவு கூடும். குழாயடியில் கூட்டமும் கூடும். திறந்துவிடும் நேரத்தைத் தெரு வாரியாகப் பிரித்துவிடுங்கள்.

குளோரின் கணக்கு எளிது. 30 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிடைக்கும். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிந்ததும் மேல் நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தொட்டியடியில் சோதிக்காமல் ஊரின் கடைசிக் குழாயில் சோதியுங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும், போன வருட மூட்டையை நம்பாதீர்கள்.

பலர் கைவைக்கும் கைப்பிடி, கம்பி, மேசையைத் துடைக்க 0.1 சதவீதக் கரைசல் போதும்: அதே பவுடரில் 10 லிட்டருக்கு சுமார் 35 கிராம். ரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம், அதாவது 10 லிட்டருக்கு சுமார் 170 கிராம். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு மட்டும் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

தெருவெல்லாம் மருந்து அடிப்பதைப் பற்றி: படத்துக்கு நன்றாக இருக்கும், பயன் இல்லை. தெருவில் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்றும், மனிதர்கள் மேல் எந்த நிலையிலும் தெளிக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் துப்புரவுப் பணியாளருக்கு நல்ல கையுறையும், பூட்ஸும், முகக்கவசமும் வாங்கலாம். தொற்றுள்ள வீட்டுக் குப்பையை இரட்டைப் பையில் கட்டி மூன்று நாள் அங்கேயே வைத்து, பிறகு தனியாக எடுப்பது நல்லது.

ஆறாம் படி: தினம் ஒரு அறிவிப்பு, ஒரே நேரத்தில்

வதந்தியை மறுத்துக்கொண்டே இருந்தால் விடியாது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் அறிவிப்பு வரட்டும், ஒலிபெருக்கியோ வாட்ஸ்அப்போ. மாலை ஆறு மணிக்கு உண்மை வரும் என்று தெரிந்தால் மதியம் வரும் புரளிக்கு வேகம் குறையும். செய்தி ஒன்றுமில்லாத நாளிலும் 'இன்று புதிதாக ஒன்றுமில்லை' என்று சொல்லுங்கள். தெரிந்தது, தெரியாதது, நாளை செய்யப்போவது என்ற வரிசையில் மூன்று நிமிடம்.

எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள். சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்தான், ஆனால் நிர்வாகத்தின் வாயிலிருந்து வரக் கூடாது. வாசலில் ஒட்டும் எச்சரிக்கைத் தாளும் அப்படித்தான். அதைப் பார்த்த அடுத்த வீடு காய்ச்சலை மறைக்கும், பரவுவது அங்கிருந்துதான். சட்டப்படி ஒட்டியே ஆக வேண்டும் என்றால், ஒட்டும் அன்று பொறுப்பாளர் கையில் அந்த வீட்டுக்கு வேண்டிய சாமானோடு போகட்டும்.

ஏழாம் படி: பூட்டிய கதவுக்குப் பின்னால்

தனிமையில் இருக்கும் வீட்டுக்கு வேண்டியவை: மளிகை, மாத்திரை, கைபேசிக்கு ரீசார்ஜ், மாடு ஆடு இருந்தால் தீவனம் போட ஒரு ஆள். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடும், மாடு கத்துகிறதென்று மனிதர் வெளியே வந்துவிடுவார்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நாலைந்து வாங்கிச் சுற்றில் விடுங்கள். கோவிட் போல நுரையீரலைத் தாக்கும் நோயில் 94க்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேச வேண்டும், 90க்குக் கீழே என்றால் வண்டியை எடுக்க வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்ததே. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் ஆளை நம்புங்கள்.

வண்டி ஏற்பாட்டை முன்கூட்டியே முடியுங்கள். இரவு இரண்டு மணிக்கு யார் ஓட்டுவார், ஜன்னல் திறந்த வண்டி எது, எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று கேட்க வேண்டிய எண் எது. நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஊரடங்கு என்றால் தப்பிக்க வழியில்லை என்று பொருள். பொறுப்பாளர்களில் பாதிப் பேர் பெண்களாக இருந்தால் இது காதுக்கு வரும்.

எட்டாம் படி: தடுப்பூசி நாள்

குப்பிகள் பல ஊசிக்கானவை. கோவிட் தடுப்பூசிகளில் சில ஒரு குப்பிக்குப் பத்து ஊசி, திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள், அரை மணியில் வந்து சேரக்கூடிய காத்திருப்பவர் பட்டியலும் வைத்திருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை எந்த வண்டியில் அழைத்துவருவது என்பது வீட்டுக் கணக்கிலேயே இருக்கும். ஊசி போடத் தயங்குகிறவரிடம் தலைவர் பேசுவதைவிட, போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் பேசினால் நடக்கும்.

ஒன்பதாம் படி: பணம்

வரி வசூல் குறையும், செலவு கூடும். முதல் மாதமே மூன்று பட்டியல் போடுங்கள்: நிறுத்தவே முடியாதது (தண்ணீர், குப்பை, சம்பளம், மின் கட்டணம்), தள்ளிப்போடக்கூடியது, ரத்து செய்யக்கூடியது. அவசரக் கொள்முதலுக்கு விலைப்புள்ளி விதி தளர்ந்தாலும் போனில் இரண்டு கடையில் விலை கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். நன்கொடையாக வரும் அரிசி மூட்டைக்கும் வரவு, கொடுத்ததற்குக் கையெழுத்து. தணிக்கை ஒரு வருடம் கழித்து வரும், அப்போது அந்த அவசரம் யாருக்கும் நினைவிருக்காது.

பத்தாம் படி: இறப்பு

இதைப் பேச யாருக்கும் விருப்பமில்லை, ஆனால் முன்பே பேசியிருக்க வேண்டும். கோவிட்டில் இறந்தவரின் உடலை எரிக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும், குடும்பத்தார் தொடாமல், முத்தமிடாமல் பார்க்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அப்படியிருந்தும் பயத்தில் பல இடங்களில் உடலுக்கு வழிவிட மறுத்தார்கள். இடுகாட்டுக்கு அருகில் குடியிருப்பவர்களிடம் முன்பே போய்ப் பேசுங்கள், உடல் வந்து நிற்கும்போது பேசுவது நடக்காது. உடலைக் கையாள நாலு பேரைத் தயார்படுத்தி, அவர்களுக்கு வேண்டிய உடையும் கூலியும் தனியாக ஒதுக்குங்கள்.

கடைசியாக, முடித்து வைப்பது

உலக சுகாதார நிறுவனம் கோவிட்டுக்கான சர்வதேச அவசரநிலையை 2020 ஜனவரி 30 அன்று அறிவித்து 2023 மே 5 அன்று முடித்தது. மூன்று வருடத்துக்கும் மேல். அவ்வளவு காலம் ஒரே ஐந்து பேர் ஓட முடியாது. பொறுப்பாளர்களைச் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், பணியாளருக்கு விடுப்பைக் கட்டாயமாக்குங்கள்.

அவசரத் தீர்மானங்கள் ஒவ்வொன்றையும் கூட்டத்தில் வாசித்து ரத்து செய்து, ரத்து செய்ததையும் பதிவேட்டில் எழுதுங்கள். தண்ணீர்க்காரரின் வால்வு நோட்டைப் படி எடுத்து அலுவலகத்தில் ஒன்று, மோட்டார் அறையில் ஒன்று வையுங்கள். வீட்டுக் கணக்கில் யாருக்கு என்ன நோய் என்று எழுதிய பக்கங்களைச் சட்டம் வைக்கச் சொல்லும் காலம் வரை பூட்டி வைத்து, அது முடிந்ததும் இரண்டு உறுப்பினர் முன்னிலையில் கிழித்து எரித்துவிடுங்கள்.